மரகதவல்லி இன்னிசைக் குழு

24.7.91, காலை ஏழரை

என்னங்க,

நைட் ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். கத்திரிக்காய்க் குழம்பு மூடி வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு உங்கள் அண்ணனின் வக்கீல் குமாஸ்தா வருவார். குழுவின் பெயரை அண்ணன் தன் பேருக்குப் பதிவு செய்துவிட்டாராம். இனி மரகதவல்லி என்ற பெயரில் நான் எந்த மேடையிலும் பாட மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமாம். என் குரலை நம்பித்தானே பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் பெயரையே குழுவுக்கு வைத்தார்? ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் ஆடித் திருவிழாவில் வேறொரு பெண் பாடப்போகிறாள். நோட்டீஸில் மட்டும் என் பெயர்.

"இன்னா பண்றது, அவரு வூட்லதானே கீறோம்" என்று நேற்றுச் சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன், எனக்கும் வேறு வழி தெரியவில்லை. அண்ணன் கொடுத்தனுப்பிய பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அது பீரோவில் இருக்கிறது, சாவி அரிசிப் பானைக்குள். குமாஸ்தா வந்தால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

அந்த ஆள் முகத்தில் முழிக்கப் பிடிக்கவில்லை. குன்றத்தூர் மலைக்கோயிலில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானம் வந்துவிடுவேன். வேறு எங்கே போவேன்?

உங்களுக்குச் சளி. மோர் ஊற்றிக்கொள்ளாதீர்கள்.

கீழே பெயர் போடவில்லை. உங்கள் அண்ணனைக் கேட்டுவிட்டுப் போடுகிறேன்.