பஞ்சு வராத வருஷத்துப் பிள்ளை

பிரெஸ்டன், 1869 மார்ச் 7

என் மகள் ஹெஸ்டருக்கு, உன்னை வளர்த்த சித்தப்பன் ஏனோக் எழுதுவது. இங்கே நானும் சித்தியும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், என் இருமல் வெகு ஆரோக்கியமாக இருக்கிறது. அமெரிக்காவில் நீயும் லூக்கும் உங்கள் புதுப் பெண்குழந்தையும் சுகமாயிருக்க வேண்டும். ஒன்றரை மாதம் ஆனதும் மில்லுக்குத் திரும்பப் போவதாகவும், பகலில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆயா கிடைத்திருப்பதாகவும், அவள் கொடுக்கும் தூக்க மருந்தில் பிள்ளைகள் சத்தமே போடுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். ஆகவே பைபிள் மேல் கை வைத்து, யாருமே நம்பாத ஒரு கதை சொல்கிறேன், கேள்.

நீ கப்பலேறிய மறு வருஷம் உங்கள் அமெரிக்கச் சண்டையால் பஞ்சு வரவில்லை, மில்லெல்லாம் மூடிக் கிடந்தது. எங்கள் வீட்டு எலிகள் எனக்குக் கைகொடுத்து விடைபெற்று லிவர்பூலுக்கு நடந்தே போய்விட்டன. தர்மச் சூப்பின் தெளிவில் பாதிரியார் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டார். காற்று தூக்கிக்கொண்டு போய்விடாமல் உன் சித்தி பையில் செங்கல் வைத்து நடந்தாள். அந்த உடம்போடுதான் ரூபனைப் பெற்றாள். அவனுக்கு முந்திய நாலு பேரையும் நீ அறிவாய், கல்லறைவரை நீயும் வந்திருக்கிறாய். அவர்கள் காலத்தில் நாங்கள் இருவரும் மில் தறியில் நின்றோம், தட்டில் கறி இருந்தது, பிள்ளைகள் பகலெல்லாம் எதிர்வீட்டு பில்லிங் அம்மாவிடம் இருந்தார்கள். அவள் கெட்டவள் இல்லை, ஆறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடைச் சொட்டு மருந்தைக் கொடுப்பாள். அதில் இருப்பது அபின். தூங்குகிற பிள்ளை பால் கேட்காது, கேட்காத பிள்ளை மெலிந்தது, மெலிந்தது போய்ச் சேர்ந்தது. ரூபனுக்கு ஆயா இல்லை, சித்தியே நாள் முழுக்க மடியில் வைத்துப் பால் கொடுத்தாள். அவன் அழுத அழுகையில் மூன்று தெரு தள்ளிக் கோயில் மணி தானாக அடித்தது. பொறுக்காமல் நான், ஒரே ஒரு சொட்டு கொடுத்தால் என்னவென்று கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கத்தட்டும்யா. நம்ம வீட்ல இதுவரைக்கும் ஒண்ணு கத்திக் கேட்டதே இல்ல," என்றாள். ஊரே பட்டினி கிடந்த அந்த வருஷம் எங்கள் வீட்டு வரிசையில் பிறந்த ஏழு பிள்ளைகளில் ஆறு பிழைத்தது.

ஒற்றைக் கூலியில் எப்படி என்று லூக் முனகுவான், என் பேரைச் சொல்லித் திட்டிக்கொள்ளட்டும். உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு ஒரு வருஷம் வீட்டிலேயே இரு. உடம்பைப் பார்த்துக்கொள், நெஞ்சில் குளிர் ஏறவிடாதே, பிள்ளைக்குப் பேர் வைத்ததும் எழுது. கர்த்தர் உங்கள் மூவர் மேலும் கை வைத்திருக்கட்டும்.

எலியும் செங்கல்லும் மணியும் புளுகென்று உனக்கே தெரியும். ரூபன் நிஜமென்பதற்கு நேற்று அவன் உடைத்த ஜன்னலே சாட்சி. நான் சொட்டு கேட்டேன் என்றேனே, அந்தச் சின்ன இடமும் நிஜம். மற்ற நாலு பேருக்கும் நான் யாரையும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மில்லும் இல்லை, பில்லிங் அம்மாவும் இல்லை. சித்தி கோயிலுக்குப் போயிருப்பாள், எனக்குக் கொஞ்சம் தூங்க வேண்டியிருக்கும். அந்தச் சொட்டு மருந்துக் கரண்டியைப் பிடித்தது நான்தான். சித்திக்கு இன்றுவரை தெரியாது.

உன் சித்தப்பன்
ஏனோக் ஹாஸ்லம்