நாற்பது யூனிட்

பாலா,
9 ஜூன் 1997

அன்புள்ள இச்சாயனுக்கு,

நீங்கள் தங்கை வீட்டில் இருப்பதை பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கட்டியவளுக்கு ஒரு வரி எழுத மானந்தவாடியில் தபால் கார்டு விற்பதில்லையா?

பாலாவில் மழை பிடித்துவிட்டது. சமையலறை ஓடு ஒழுகுகிறது. ஆஸ்பத்திரி வார்டில் எல்லோரும் "குருவிளா பிரதர் எங்கே?" என்று கேட்கிறார்கள். தங்கை அன்னம்மாவுக்கு மஞ்சள்காமாலை, பார்க்கப் போயிருக்கிறார் என்று பொய் சொல்கிறேன். பாப்பச்சன் சேட்டன் நேற்று குணமாகி வீட்டுக்குப் போனார். "மேட்ரன் சிஸ்டர் எல்லாத்தையும் சொன்னாங்க. சாகக் கிடந்தவன் நானு, ஊரை விட்டு ஓடினது அந்தாளா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாப்பிடுகிறீர்களா?

உங்கள்
லிசம்மா


மானந்தவாடி,
17 ஜூன் 1997

லிசம்மாவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஓடு மாற்ற ஏணி கோழிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கிறது. அன்னம்மா இரண்டு ஆள் சோறு தின்கிறாள், மஞ்சள்காமாலையாம்!

தப்பு என்னுடையதுதான், இல்லை என்று சொல்லவில்லை. சின்ன டாக்டர் நாலு யூனிட் இன்சுலின் எழுதியதில், நாலுக்குப் பக்கத்தில் கிறுக்கிய ஆங்கில 'யு' எழுத்து பூஜ்யம் போல மூடிக் கிடந்தது. நாற்பது என்று படித்து நாற்பதையும் போட்டுவிட்டேன். சரிபார்த்தேன் என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டவள் நீ. பாப்பச்சன் சேட்டன் வேர்த்துக் குழறியதும் குளுக்கோஸ் ஏற்றியவனும் நானே. எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார். அதோடு முடிந்தது. கேன்டீனுக்குப் போய் வருவதற்குள் மேட்ரன் முன்னால் போய் நின்றுவிட்டாய். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லியிருக்கலாமே? கிறுக்கிய டாக்டர் இன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரவுண்ட்ஸ் போகிறான். நான் ஸ்டோரில் பஞ்சு எண்ண வேண்டுமாம்! ஊருக்குப் பொய் சொல்லத் தெரிந்த நாக்கு எனக்காக ஒரு நாள் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

இங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது. பழைய இடத்திலிருந்து நற்சான்று கேட்கிறார்கள். தப்பை நானே வந்து சொன்னதாக மேட்ரன் எழுதித் தரட்டும். நீ கேட்டால் தருவார்.

குருவிளா


பாலா,
24 ஜூன் 1997

இச்சாயா,

உங்கள் கடிதத்தைப் படித்ததில் மீன்கறி அடிப்பிடித்துவிட்டது.

காப்பி கேட்டதும் முடிந்ததா? ஏற்றிய குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். உள்ளே போன இன்சுலின் மணிக்கணக்கில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். இது முதல் வருஷ நர்ஸிங் பாடம், நாம் இருவரும் ஒரே பெஞ்சில் படித்தது. டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் நாலு யூனிட் கணக்கு. ஒரு பாட்டிலோடு நிறுத்திவிட்டு, மனுஷன் அயர்ந்து தூங்குகிறார் என்று விட்டிருப்பார்கள். நான் வீடு வந்து உங்களிடம் சொல்லும்வரை அவர் இருந்திருப்பாரா? அதற்குப் பிறகு இரண்டு தடவை மறுபடியும் சர்க்கரை இறங்கியது. கூடவே இருந்து விரலில் ஊசி குத்திக் குத்திப் பார்த்தோம். எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா?

கையெழுத்தைச் சொல்லிக் காட்டுகிறீர்கள். நான் சரிபார்க்கவே இல்லை. சீட்டையும் பார்க்கவில்லை, ஊசியையும் பார்க்கவில்லை. "லிசீ, இங்க ஒண்ணு போடு" என்றீர்கள், போட்டேன். கட்டியவர் கையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவில்லை. மேட்ரனிடம் முதலில் சொன்னது அதைத்தான். வார்டு சிஸ்டர் பதவி இனி எனக்கு இல்லை என்று அப்போதே சொல்லிவிட்டார்.

ஊருக்குச் சொன்ன பொய்யால் யாருக்கும் சர்க்கரை இறங்காது. மேட்ரனிடம் போய்ப் பொய் எழுதித் தரச் சொல்லிக் கேட்க மாட்டேன்.

லிசம்மா


மானந்தவாடி,
3 ஜூலை 1997

லிசீ,

உன் பதவி போனது எனக்குத் தெரியாது. உன் பெயரையும் சொன்னாய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் ஒருத்தன்தான் மாட்டினேன் என்று இத்தனை நாளும் உன்னைக் கறுவிக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் நான் எதையும் குடிக்கவில்லை. இன்சுலின் இன்னும் உள்ளே இருக்குமே என்பது அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் உறைத்தது. எழுந்து வந்தேன், அதற்குள் நீ சொல்லிவிட்டிருந்தாய். நானாகப் போய்ச் சொல்லியிருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

கோபம் தீரவில்லை. யார் மேல் என்றுதான் புரியவில்லை. சான்று வேண்டாம். மருந்துக்குப்பியை எடுக்கவே பயமாக இருக்கிறது. மைத்துனனோடு இஞ்சிக்குக் களை எடுக்கப் போகிறேன்.

குருவிளா


பாலா,
10 ஜூலை 1997

என் இச்சாயா,

இஞ்சிக்குக் களை எடுக்கிற ஆளைப் பார்!

மேட்ரனிடம் போனேன். "நடந்தத நடந்தபடி எழுதுங்க சிஸ்டர். அதுக்கு முந்தி அவர் ஒழுங்கா பாத்த வேலையையும் சேர்த்து எழுதுங்க" என்றேன். "ஒரே வார்டுல புருஷனும் பெண்டாட்டியும் இனிமே கிடையாது" என்று என்னைத் திட்டிக்கொண்டே எழுதித் தந்தார். சான்றில் தப்பும் இருக்கிறது, நீங்களும் இருக்கிறீர்கள். அந்த ஒற்றை எழுத்து இனிமேல் கூடாது, யூனிட் என்று முழுதாக எழுத வேண்டும் என்று டாக்டர்களுக்கும் உத்தரவு போட்டாயிற்று. சின்ன டாக்டர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

சான்று என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்ப மாட்டேன். அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சமாதானம் பேச இல்லை. எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை, காகிதத்தில் சண்டை போட்டு அலுத்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். வராவிட்டால் அன்னம்மா வீட்டு முற்றத்தில் நின்று, அக்கம்பக்கம் கேட்கும்படி சண்டை போடுவேன்.

லிசி