சிறகு நுனியின் கறுப்பு

அன்புள்ள அப்பாவுக்கு, கயோ எழுதுகிறேன். உங்கள் கப்பல் கேப் டவுனுக்கு வந்து இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது உங்கள் முதுகுவலி குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். அம்மா நலம், முட்டைப் பண்ணையில் வேலை அதிகம், குளிரில் விரல்கள் வெடித்து மருந்து தடவிக்கொள்கிறாள். நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அம்மா உங்களுக்கு எழுதிய கடிதம் மேசைமேல் இருக்கிறது, காலையில்தான் உறையை ஒட்டுவாள். அதற்குள் இதையும் மடித்து உள்ளே வைத்துவிடப் பார்க்கிறேன். பக்கத்து அறையில் அவள் புரளும்போதெல்லாம் கைவிளக்கை அணைத்துவிடுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

அம்மாவின் கடிதத்தோடு ஒரு செய்தித்தாள் துண்டு இருக்கும். அராசாகி வயலுக்குச் சைபீரியாவிலிருந்து அரிய வெள்ளைப் பெருங்கொக்கு வந்ததாகவும், அதை முதலில் கண்டது பள்ளியின் கொக்குக் கணக்கெடுப்புக் குழு மாணவி கயோ என்றும் போட்டிருக்கிறார்கள். அப்பா, அது பொய். செய்தித்தாள்காரர் சொன்ன பொய் இல்லை, நான் சொன்னது. இரண்டு வாரம் முன் சனிக்கிழமைக் கணக்கெடுப்பில் தொலைநோக்கி எனக்கும் மிசாகோவுக்கும் கிடைத்தது. மீன் கடைக்காரர் மகள் மிசாகோவை உங்களுக்குத் தெரியும், முதல் வகுப்பிலிருந்தே என் பக்கத்தில் உட்காருகிறவள். மற்றவர்கள் வழக்கம்போல் வரிசையாக நின்று, விடியலில் எழும் சாம்பல் கொக்குகளைப் பத்துப் பத்தாக எண்ணினார்கள். கூட்டமெல்லாம் போன பிறகு தூரத்து வரப்பில் வெள்ளையாக ஒன்று மட்டும் நின்றது. ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகு இறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. முகமே தெரியவில்லை. அதன் பிடரியில் ஓர் இறகு மட்டும் ஒடிந்து பக்கவாட்டில் தூக்கிக்கொண்டிருந்ததை மிசாகோதான் காட்டினாள். "காலு குட்டையா கறுப்பா இருக்குடி. எனக்கு என்னவோ கரண்டிவாயன்னுதான் தோணுது. முழிக்கட்டும், பாக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டு, பனி படிந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்து உச்சியாமா சார் தாளோடு வந்தார். உங்கள் காலத்திலிருந்தே உள்ள விதிதான், அரிய பறவையை ஏற்ற வேண்டுமானால் எந்த அடையாளத்தைக் கண்டோம் என்று எழுத வேண்டும். வெள்ளைப் பெருங்கொக்குக்குச் சிறகு நுனி மட்டும் கறுப்பு, விரித்தால்தான் தெரியும், அதனால் சிறகு விரித்ததா என்று கேட்டார். ஒரு தடவை விரித்தது, நுனி கறுப்பாக இருந்தது என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்றே தெரிந்தது. மிசாகோவிடம் கேட்டார். கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை என்றாள். அவ்வளவுதான், தாளில் ஏறிவிட்டது.

ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். பள்ளி நடைக்கூடத்தில் அரிய பறவைகளின் பலகை இருக்கிறதே, அதில் வெள்ளைப் பெருங்கொக்குக்கு நேரே உங்கள் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்று வருடமாக அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். அதற்குக் கீழே என் பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அன்று மதியமே குமாமோட்டோவிலிருந்தும் ஃபுகுவோகாவிலிருந்தும் படம் பிடிக்கிறவர்கள் வந்துவிட்டார்கள். மூன்று நாள் குளிரில் நின்றார்கள், பறவை இல்லை. காலி வயலை நான் கை நீட்டிக் காட்டுவது போலத்தான் படம் எடுத்துப் போட்டார்கள். வகுப்புப் பையன்கள் மிசாகோவுக்குக் கரண்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் அவள் மேசையில் சோறு அள்ளும் கரண்டி ஒன்று கிடந்தது, "கண்ணாடிய மாத்து, இல்லாட்டி கண்ண மாத்து" என்று அதில் எழுதியிருந்தார்கள். அவள் அதைக் கழுவிச் சமையலறையில் கொண்டுபோய் வைத்தாள். சார் அவளைத் தொலைநோக்கியிலிருந்து எடுத்துத் தேநீர் ஊற்றும் வேலைக்குப் போட்டுவிட்டார். நாளைக் காலைதான் எங்களுக்குக் கடைசிக் கணக்கெடுப்பு, மார்ச்சில் பள்ளி முடிகிறது. அவளை விட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவர்கள் குழுவில் யாரும் இல்லை அப்பா.

நேற்று பள்ளி விட்டு ஆற்று முகத்துவாரம் வழியாகச் சைக்கிளில் வந்தேன். சேற்றில் ஒரு வெள்ளைப் பறவை நின்றது. பிடரியில் அதே ஒடிந்த இறகு. அலகைத் தண்ணீரில் விட்டு இடமும் வலமுமாக அரித்துக்கொண்டே நடந்தது, நிமிர்ந்தபோது அலகின் நுனி தட்டையாக, வட்டமாக இருந்தது. கரண்டிவாயன். என்னைக் கண்டு எழும்பிப் பறந்தபோது சிறகு கடைசி நுனி வரை வெள்ளை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இருட்டும் வரை அங்கேயே நின்றேன். இன்று மிசாகோவிடம் சொல்லிவிடலாம் என்றுதான் போனேன். அவள் புதுக் கண்ணாடி போட்டிருந்தாள். தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று அவளே அவள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போயிருக்கிறாள். "பழைய கண்ணாடியே சரியாத்தான் இருக்குன்னாரு டாக்டர். நான்தான் கேட்கல, மாத்திட்டேன். நீ பாத்தேன்னா பாத்ததுதான்டி" என்றாள். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேன்.

நாளை ஐந்து மணிக்கு, கொக்குகள் எழுவதற்கு முன்பே, எல்லோர் எதிரிலும் சொல்லப் போகிறேன். சார் தாளை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார், அவருக்கு அவமானம். அம்மா அந்தச் செய்தித்தாளைப் பண்ணை முழுக்கக் காட்டியிருக்கிறாள். இருந்தாலும் தொலைநோக்கியில் மிசாகோ நிற்க வேண்டும். உங்களை ஒன்று கேட்க வேண்டும், கோபிக்காதீர்கள். பலகையில் உங்கள் பெயர் ஏறிய அன்று அந்தப் பறவை சிறகை விரித்ததா? நீங்கள் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றாலும் நீங்கள்தான் என் அப்பா. ஆனால் உண்மையை எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஈர உடையோடு தூங்காதீர்கள், கடல் உங்களைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பட்டும். செய்தித்தாள் துண்டை உங்கள் படுக்கைச் சுவரில் ஒட்ட வேண்டாம், கப்பலில் யாருக்கும் காட்டவும் வேண்டாம். ஆனால் தூக்கி எறியாதீர்கள். அம்மா என்னை மட்டும் விட்டுச் சுற்றிலும் கத்தரித்துவிட்டாள், இடது ஓரத்தில் பாதித் தோள் ஒன்று தெரியும். அது மிசாகோ.

உங்கள் மகள்,
கயோ