உன் சைக்கிளும் என் வயிற்றெரிச்சலும்

மாமு,

காலையில் பழக்கடையில் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். உன் சைக்கிளோடு உன் வீட்டுக்காரம்மா சேர்த்துக் கொடுத்த அரைப் புட்டி. மூடியைத் திறந்ததும் கடை முழுக்க நீ வந்து நின்றுவிட்டாய். எலுமிச்சம்பழம் வாங்க வந்த பெண், "என்னண்ணே, கைலிக்கார பாய் இப்பத்தான் வந்துட்டுப் போன மாதிரி இருக்கு?" என்றாள். பார், நீ போய்ச் சேர்ந்த பிறகும் என் கடையில் உன் பேச்சுதான்.

உன் பேத்தி அந்தக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிழைத்து வந்த வருசம் தொடங்கியது இது. தை பிறந்தால் போதும், கைலி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பணம் சேர்க்கிறேன் என்று கறம்பக்குடியிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளை மிதிப்பாய். தண்ணீர்க் குடம், பஞ்சர் சாமான், உன் மாற்றுச் சட்டை எல்லாவற்றையும் மொபட்டில் கட்டிக்கொண்டு பின்னால் நான். ஊருக்கு ஊர் உனக்குச் சால்வை. அதை மடித்துப் பையில் வைக்கிற வேலை எனக்கு. திருமயத்தில் உன்னை நிற்க வைத்துப் படம் எடுத்தவன், "அண்ணே, மொபட்ட கொஞ்சம் அங்கிட்டு நகத்துங்க" என்றானே, அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

எல்லாவற்றையும் விட அந்தப் பொன்னமராவதிப் பக்கத்துக் கூத்துதான். பழனிக்கு நடக்கிற கூட்டம் சாலையெல்லாம் போய்க்கொண்டிருந்தது. உனக்கோ ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பச்சைச் சட்டை, நெஞ்சு வரை தாடி, தலையில் கட்டிய துண்டு. உன்னைப் பார்த்தால் விரதக்காரன் தோற்றுப்போவான். நடக்கிறவர்கள் காலில் ஊற்ற மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்ற அம்மா ஒருவர் சைக்கிளை மறித்துவிட்டார்.

"சாமி, நில்லுங்க சாமி. கால நீட்டுங்க."

"ஆத்தா, நான் சாமி இல்ல, பாய்."

"பாயா இருந்தா என்னங்க சாமி? காலு காலுதானே. வெயில்ல வந்திருக்கீங்க, நீட்டுங்க."

நீ கூச்சத்தோடு நீட்டினாய். எனக்குப் பொறுக்கவில்லை. "ஆத்தா, வருசா வருசம் பழனிக்கு நடக்குறவன் நான்" என்று செருப்பைக் கழற்றி முன்னால் வந்தேன். அந்த அம்மா என்னையும் மொபட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"நீ வண்டியிலல்ல வந்துருக்க?"

நீ சிரித்த சிரிப்பில் சைக்கிளே சாய்ந்தது. "கேட்டுக்க மச்சான், வண்டியில வாரவனுக்கு மஞ்சத்தண்ணி கெடையாதாம்." கன்னியாகுமரி வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தாய். நானும் விடவில்லை. பின்னாலிருந்தே கத்தினேன்: "யோவ் சாமி, சக்கரம் சுத்துதா, நின்னுருச்சா? எருமை தாண்டிப் போகுதுய்யா!"

போன ஆடியில் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தாய். அவ்வளவுதான்.

இந்தத் தை வந்தது. உன் சைக்கிள் கன்னியாகுமரியைத் தொட்டால்தான் பணம் தருவதாகப் பலர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லியிருந்தார்கள். யார் ஓட்டுவது என்று பேச்சு வந்ததும் நம் கடைத்தெருச் சங்கத்துப் பையன்கள் என் தொப்பையைப் பார்த்தார்கள். "அண்ணே பாதியில உக்காந்துட்டா கொழந்தைங்க காசு போயிருமே" என்றான் ஒருவன். உன் வீட்டுக்காரம்மாதான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தது. "அண்ணே, நீங்க ஓட்டுங்க. அவுக மிதிச்சத நீங்கதானே கூடவே பாத்தீக."

முதல் வேலையாக உன் சீட்டைக் கீழே இறக்கினேன். ஒட்டகத்துக்குச் செய்த உயரம்! கறம்பக்குடிக் கடைத்தெருவில் எனக்கு மாலை விழுந்தது, சால்வை விழுந்தது. இத்தனை வருசம் நீ தனியாக அனுபவித்ததை ஒரே நாளில் வாரிக்கொண்டேன். மதுரை தாண்டும் வரை உன்னை நினைக்கக்கூட இல்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஆரல்வாய்மொழியில் காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் பின்னால் போகிறது. முட்டி விட்டுப்போனது. காலை ஊன்றி நின்றேன். இனி முடியாது என்று வாயைத் திறந்து சொல்லப் போனேன். குழந்தைகளின் பணம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. திரும்பிப் பார்த்தேன். பின்னால் சங்கத்துக் கார், கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு நின்றது. பையன் கண்ணாடியை இறக்கி, "சூப்பர்ணா! மெதுவா வாங்கண்ணா, ரெஸ்ட் எடுத்துக்கங்கண்ணா" என்று மறுபடியும் ஏற்றிக்கொண்டான்.

அவ்வளவு மரியாதை! அதை வைத்துக்கொண்டு அந்தக் காற்றில் என்ன செய்வது, மாமு? எருமை தாண்டிப் போகுது என்று கத்த ஒரு ஆள் இல்லையே. அந்த நடுரோட்டில்தான் உன் மேல் வந்த பொறாமையிலேயே பெரிய பொறாமை வந்தது. சால்வையும் மஞ்சள் தண்ணீரும் கிடக்கட்டும். உன் முதுகைப் பார்த்து வைதுகொண்டே வர உனக்கு ஒருத்தன் இருந்தான். என் முதுகுக்கு யார் இருக்கிறார்கள்?

வேறு வழியில்லை. நானே என்னை வைதேன், வாய்விட்டு. "யோவ், பழம் விக்கிறவனே, தொப்பைய ஹேண்டில்பார் மேல வச்சுக்கிட்டாவது மிதிய்யா!" காருக்குள் பயந்திருப்பார்கள். மிதித்தேன். கடல் தெரியும் வரை வைதேன்.

பணம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. அடுத்த தையிலும் என்னையே ஓட்டச் சொல்கிறார்கள். ஓட்டுவேன். ஆனால் உன்னைப் பார்த்து வயிறு எரியாமல் ஒரு மைல்கூட என்னால் போக முடியாது, இப்போதே சொல்லிவிட்டேன்.