புது வருகைப் பதிவு

என்னங்க,

எல்லாக் காரியமும் முடிந்து நீங்கள் வெளியூர் வேலைக்குத் திரும்பியதும், நானும் பாடம் நடத்தப் போய்விட்டேன். நம் குட்டியின் மூன்றாம் வகுப்புக்கே. புதுத் திட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டாம், வந்தவர்களைப் போனில் தொட்டால் போதும். அந்த மட்டும் பிழைத்தேன்.

வராத பிள்ளையின் அப்பாவுக்குத் தானாக மெசேஜ் போகும் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. "உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை" என்று தினமும் உங்களுக்கு வந்திருக்கிறது.

நேற்று ஹெட்மாஸ்டர் உங்களிடம் போனில் மன்னிப்புக் கேட்டாராமே. "'இருக்கட்டும் சார், அவ போனதுலேருந்து, போன் பண்ணாக்கூட வீட்டுல அவ பேச்சையே எடுக்கறதில்ல. அது ஒண்ணுதான் அவளப் பத்திச் சொல்லுது'ன்னாரும்மா" என்றார்.

பெயரை நீக்க வேண்டியது வகுப்பாசிரியராம். இந்தக் கடிதம் வருவதற்குள் நீக்கியிருப்பேன். மெசேஜ் வரவில்லையே என்று போனைத் தட்டிப் பார்க்காதீர்கள்.

என்னைக் கூப்பிடுங்கள். நான் சொல்கிறேன்.

குட்டியின் அம்மா