சூட்டைக் குறைத்துப் பார்த்தேன், சசி

என் சசிக்கு,

வீட்டில் நாலு பேர் முன்னால் உன்னை மதினி என்றுதான் கூப்பிடுவேன். கண்டி கெம்பஸ் ஆய்வுகூடத்தில் நீ எப்போதும் சசி. இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரே இருக்கட்டும். நல்ல செய்தி ஒன்று வந்திருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

நீ எங்களை விட்டுப் போன பிறகு கண்டியில் நம் மேசை அப்படியே கிடந்தது. தூள் கலந்து உலையில் வைப்பது நீ. வரைபடம் போடுவது நான். இப்படியே பழகிவிட்ட எனக்கு நம் மீக்கடத்திக்கான போரன் தூளைத் தொடவே மனம் வரவில்லை. பேராசிரியர் மெதுவாகக் கேட்டார்: "வேறை தலைப்பு எடுங்கோவன், சாந்தினி. மக்னீசியம் டைபோரைடைத் தனியச் செய்யேலுமே?"

உன்னை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கக் கொழும்புக்குக் கூட்டிப்போனதுதான் நினைவுக்கு வந்தது. கினிகத்தேனை மலை வளைவுகளில் வேன் திரும்பும்போதெல்லாம் உனக்கு வலி. முன் சீட்டில் என் அண்ணன் பொருமிக்கொண்டே வந்தார். "இந்த மெஷின ஊருக்கு ஒண்ணு வச்சா என்னவாம்?"

"உள்ள இருக்க காந்தத்தக் குளுரா வைக்க திரவ ஹீலியம் வேணும்ங்க. லேசுல கெடைக்காது. நாங்க செய்யிற சாமான்ல, அந்த மக்னீசியம் டைபோரைடுல, கம்பி இழுத்தா அவ்வளவு குளுரு தேவப்படாது" என்றாய்.

"அப்ப இழுக்க வேண்டியதுதானே?"

"காந்தம் பலமா இருந்தா இது கரண்ட விட்டுருதுங்க. காந்தக் கோடு உள்ள நுழைஞ்சு நகர ஆரம்பிச்சுரும். நுழையிறதத் தடுக்க முடியாது. நகராமப் புடிச்சு வைக்கணும்."

உன் வலியை மறக்கடிக்க, நாம் தூளை அழுத்திச் செய்த வில்லையின் நுண்ணோக்கிப் படத்தைப் போனில் காட்டினேன். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாய்.

"கார்பன் சேத்தது சரிதாண்டி. சூடுதான் ஜாஸ்தி. மணியெல்லாம் பெருத்துப் போச்சு பாரு."

"கொறைச்சா முழுசா சேராதே?"

"நேரத்தக் கூட்டு."

மணிகள் சிறுத்தால் அவற்றின் ஓரங்கள் கூடும். காந்தக் கோடுகள் சிக்கி நிற்க இடமும் கூடும். அதைச் செய்து பார்க்க உனக்கு நாள் கிடைக்கவில்லை.

"இன்னும் ஒருக்கா பார்க்கிறேன், சேர்" என்று பேராசிரியரிடம் சொன்னேன். சூட்டைக் குறைத்து, நேரத்தைக் கூட்டிச் செய்த முதல் வில்லை உலையிலிருந்து எடுக்கும்போதே வெடித்துவிட்டது. அன்று அழுதேன். அடுத்தது தாங்கியது. காந்தத்துக்குள் எவ்வளவு கரண்ட் தாங்குகிறது என்று அளக்கும் இயந்திரம் நம்மிடம் இல்லையே, வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

முடிவு வந்தபோது வட்டகொடையில், நம் வீட்டில் இருந்தேன். தேயிலைப் பெக்டரியிலிருந்து வந்த அண்ணன் என் தோளுக்கு மேலாக வரைபடத்தை எட்டிப் பார்த்தார்.

"கோடு எறங்குதே தங்கச்சி. இது நல்லதா?"

"காந்தம் கூடக் கூட எல்லாம் எறங்கத்தாண்ணே செய்யும். மேல இருக்க கோட்டப் பாருங்க, மதினி சொன்னபடி செஞ்சது. எவ்வளவு மெதுவா எறங்குது!"

"அவ வேன்ல சொன்னதா?"

"ஆமாண்ணே."

அந்தக் கோட்டைக் கடைசி வரைக்கும் விரலால் தடவினார். பிறகு சிரித்தார், சசி. உன் அண்ணன்மார் வந்து பேசியும் வராத சிரிப்பு. அன்று இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. காந்தம் குறைவாக இருக்கும் இடத்தில் நம் பழைய வில்லையே கொஞ்சம் கூடுதலாகக் கரண்ட் தாங்குகிறது. ஏன்? உள்ளே இருக்கும் துளைகளா, கார்பன் கூடிவிட்டதா? நீ இருந்தால் என்ன சொல்வாய்?

கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டேன். முதல் பெயர் உன்னுடையது. எப்படிப் போடுவது என்று அண்ணனிடம் கேட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அவ அப்பா இனிஷியலே போடு. அந்தப் பேருலதான் அவ படிச்சா."

அப்படியே போட்டுவிட்டேன். அடுத்தது கம்பி. இரும்புக் குழாயில் தூளை அடைத்து இழுக்கப் போகிறேன். முதல் கம்பி அறுந்தால் இன்னொன்று இழுப்பேன். அதுவும் அறுந்தால் அடுத்தது. விடமாட்டேன், சசி.

உன் கூட்டாளி, பிறகு நாத்தனார்,
சாந்தினி