பூசாமல் விட்ட இடம்

இயேசு மரி சூசை

ராயபுரம், 16-12-1941

ரங்கூனில் இருக்கும் என் மூத்த மகளுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் நாலு பேரும் வரவில்லை. கப்பல் டிக்கெட்டை இன்று காலையில் ரத்து செய்துவிட்டேன். லீவு கிடைக்கவில்லை என்று உன் அம்மாவிடம் பொய் சொன்னேன். "பொண்ணு ஏழு மாச வயித்தோட கீது, உனுக்கு வேலைதான் பெர்சா?" என்று கத்திவிட்டு, உனக்காகக் கட்டி வைத்திருந்த கருவாட்டு மூட்டையை முற்றத்தில் விட்டெறிந்தாள்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். ஜப்பான் சண்டை ஆரம்பித்த மறுநாளிலிருந்து துறைமுகத்தில் நான் பெயிண்ட் அடித்தது, நாங்கள் வரவிருந்த அந்தக் கப்பலுக்குத்தான். வெள்ளைவெளேரென்று இருந்ததை முழுக்கச் சாம்பல் நிறமாக்கச் சொன்னார்கள். தூரத்திலிருந்து யார் கண்ணுக்கும் தெரியக் கூடாதாம். கப்பலின் பேரையும் நான்தான் அழித்தேன். பலகையில் தொங்கிக்கொண்டு அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக மூடினேன். உன் அம்மாவையும் தம்பிகளையும் அதில் ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தக் கடிதம் அதே கப்பலின் சமையல்காரர் கையில்தான் வருகிறது. அது திரும்பும்போது நீ அதில் ஏறி வந்துவிடு. எங்களுக்கு வேண்டாமென்ற கப்பலில் உன்னை ஏறச் சொல்கிறேனே என்று கேட்காதே. ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வருகிறான் என்கிறார்கள்; நீ அங்கே இருப்பதை நினைத்தால் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று மாப்பிள்ளையிடம் சொல், போதும்.

துறைமுகத்தில் கப்பலின் பேரைத் தேடாதே, இருக்காது. ஏணி முடிகிற இடத்தில், உன் கை எட்டும் உயரத்தில், பழைய வெள்ளையிலேயே ஒரு சின்னச் சிலுவையை மூடாமல் விட்டிருக்கிறேன். அதைத் தொட்டுவிட்டு ஏறு.

உன் நைனா